ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்ட செலின்

நம் வழிகாட்டிக்கு நீங்கள் அனுப்பிய புதிய வரைவைப் படித்துவிட்டேன். பவர் போட்டதும் லேப்டாப்பை எழுப்பிவிடும் ஃபர்ம்வேரைப் பற்றிய பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, ஓய்வுபெற்றவனுக்குரிய மரியாதையோடு ஒதுங்கிக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒரே பக்கத்தில் ஆறு இடத்தில் ‘எளிதாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ஃபர்ம்வேர் அமைப்புக்குள் எளிதாக நுழையலாம்’ என்றால் யார் நுழையலாம்? நீங்கள் நுழையலாம், நான் நுழையலாம். பவர் பட்டனை அழுத்தியதும் லோகோ வந்து மறைகிற அந்த இரண்டு நொடிக்குள் எந்தக் கீயைத் தட்ட வேண்டும் என்று தெரியாமல் கீபோர்டு முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் ‘எளிதாக’வைப் படித்தால் என்ன நினைப்பார்? நாம்தான் மக்கு போலிருக்கிறது என்று நினைப்பார்.

கோபப்படாதீர்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பகலில் தர்மபுரியில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகம் என் பொறுப்பு. மிச்ச நேரமெல்லாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸைப் போட்டுக்கொள்ளச் சொல்லித்தரும் இந்த வழிகாட்டியின் தமிழ்ப் பக்கங்கள். அதற்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. பக்கத்தின் அடியில் என் பெயரும் கல்லூரியின் தொலைபேசி எண்ணும் இருந்ததால், இன்ஸ்டால் செய்து மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் எனக்கே போன் போட்டார்கள். போனை எடுத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “பக்கத்தை முழுசா படிச்சீங்களா?”

யாரும் படித்திருக்க மாட்டார்கள். “இல்லீங்க சார், மேலாக்கப் பாத்தேன்” என்பார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு திருப்தி வரும். தப்பு அவர்கள் பக்கம் போய்விட்டது அல்லவா. அதற்கப்புறம் கொஞ்சம் வைதுவிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லிக் கொடுப்பேன். எத்தனையோ வருடம் இப்படியே ஓடியது. யாரும் படிப்பதில்லை, யாரும் படிப்பதில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் புலம்பினேன். என் மனைவி ஒருநாள், “படிக்கிற ஆளு ஒருத்தர் வந்தா அவரை என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள். நான் சிரித்தேன்.

அப்படி ஒருவர் வந்தார். பெயர் செலின். பொம்மிடிப் பக்கம் விவசாயக் குடும்பம். வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். நம் மாவட்டத்துக் கிணற்றுத் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு எவ்வளவு இருக்கிறது என்று மூன்று வருடமாக ஊர் ஊராக பாட்டிலோடு அலைந்து, அளந்து, லேப்டாப்பில் ஏற்றியிருந்தார். வரைபடம் போடுகிற ஒரு மென்பொருள் லினக்ஸில்தான் ஒழுங்காக ஓடும் என்று யாரோ சொல்ல, நம் பக்கத்தைப் பார்த்து இன்ஸ்டால் செய்யத் தொடங்கியிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும், எனக்கு போன் வந்தது.

“சார், ஸ்கிரீன் நீலமா நிக்குதுங்க. நாப்பத்தெட்டு இலக்கத்துல ஒரு நம்பர் கேக்குது. எந்த நம்பருன்னு தெரியலீங்க.”

“பக்கத்தை முழுசா படிச்சீங்களாம்மா?”

“படிச்சனுங்க சார். பிரிண்ட் எடுத்து வெச்சு, ஒவ்வொரு வரியும் செஞ்சு முடிச்சதும் டிக் போட்டுட்டுதான் அடுத்த வரிக்குப் போனேன்.”

நான் நம்பவில்லை. டிக் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். “எது வரைக்கும் வந்தீங்க, சொல்லுங்க” என்றேன். அவர் வாசித்தார். என் வாக்கியங்களை இன்னொருவர் குரலில் அன்றுதான் கேட்டேன். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவும், டிக். உள்ளே போய், வேறு சிஸ்டம் ஏறாமல் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ அமைப்பை நிறுத்தவும், டிக். இன்ஸ்டால் செய்வதற்கு முன் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பழைய சிஸ்டம் வருகிறதா என்று பார்க்கவும், டிக். அங்கேதான் நீலத்திரை.

உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில், யாரும் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டித்தான் தருகிறார்கள். ஃபர்ம்வேரில் கை வைத்தால் வேறு யாரோ நுழைகிறார்கள் என்று நினைத்து அந்தப் பூட்டு சாவியைக் கேட்கும்; அந்த நாற்பத்தெட்டு இலக்கம்தான் சாவி. ஆகவே ஃபர்ம்வேரைத் தொடும் முன் அந்த டிஸ்க் பூட்டை நிறுத்தி வைக்க வேண்டும். என் பக்கத்தில் அந்த வரி இல்லை. நான் எழுதிய காலத்தில் அப்படிப்பட்ட லேப்டாப் இந்தப் பக்கம் வரவில்லை. ‘செக்யூர் பூட்’ அமைப்பை நிறுத்தச் சொன்னதும் அந்தக் காலத்துக்குத்தான் தேவை. இப்போது நம் லினக்ஸ் அது இருக்கும்போதே ஓடும்.

தெரியாமல் விட்டிருந்தால் கூட மனசு ஆறும். செலின் போன் போடுவதற்கு எட்டு மாதத்துக்கு முன்பே, உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் இதைத் திருத்தச் சொல்லி நான்கு வரி அனுப்பியிருந்தார். தமிழ் கொச்சையாக இருந்தது. ஒரு வாக்கியத்துக்கு எழுவாயே இல்லை. ‘மொத்தப் பகுதியையும் நானே அழகாக மாற்றி எழுதுகிறேன், பொறுங்கள்’ என்று பதில் போட்டேன். அழகாக எழுத நேரம் வரவில்லை. அவருடைய நான்கு வரி என் மெயில் பெட்டியில் கிடந்தது.

செலினிடம் ‘செக்யூர் பூட்’ அமைப்பைத் திரும்பப் போடச் சொன்னேன். சில சமயம் அதிலேயே சரியாகிவிடும். போட்டார், ஆகவில்லை. நான்தான் அதற்கு முந்தைய வரியிலேயே ஃபர்ம்வேரையும் புதுப்பிக்கச் சொல்லித் தொலைத்திருந்தேனே. பழைய நிலைக்குப் போக வழியில்லை.

“சரி, பயப்படாதீங்க. முதல் வரில காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். எடுத்தீங்கல்ல?”

“எடுத்தனுங்க. பென்டிரைவ்ல.”

“அப்பறம் என்னம்மா, அது போதும்.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம். பிறகு மெதுவாக, “மூணாவது வரில, பென்டிரைவைச் சொருகி இன்ஸ்டாலரை அதுல எழுதச் சொல்லியிருக்கீங்க சார். எங்கிட்ட ஒரு பென்டிரைவ்தான் இருக்குதுங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. “எழுதினா அதுல இருக்கறது எல்லாம் அழிஞ்சிரும்னு போட்டிருக்கேனே!”

“போட்டிருக்கீங்க. அது அடுத்த தாள்ல, படத்துக்குக் கீழ வருதுங்க சார். நாலாவது டிக் போடறப்பதான் படிச்சேன்.”

நான் பக்கத்தைத் திறந்தேன். அவர் சொன்னது சரி. எழுதும் கட்டளை முதலில், அதன் கீழே பெரிய படம், படத்துக்குக் கீழே எச்சரிக்கை. திரையில் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். பிரிண்ட் எடுத்தால் எச்சரிக்கை அடுத்த தாளுக்குப் போய்விடும். இரண்டு பென்டிரைவ் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எங்கள் ஆய்வகத்தில் மேசை டிராயரைத் திறந்தால் பத்து பென்டிரைவ் கிடக்கும். ஒருவரிடம் ஒன்றுதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என் பக்கத்தை உண்மையிலேயே வரி விடாமல் படித்த ஒரே ஆள், படித்ததாலேயே இரண்டு பிரதிகளையும் இழந்து நின்றார். மேலாக்கப் பார்த்தவர்கள் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஆய்வுக்குழுவின் முன் அட்டவணைகளை வைக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இம்முறை வைக்காவிட்டால் பதிவே ரத்து என்று அவருடைய நெறியாளர் சொல்லியிருந்தார். அந்த மனிதரோ விஷயத்தைக் கேட்டதும், “கவனக்குறைவு. துறையில கம்ப்யூட்டர் பாக்கற ஆளைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் பண்ணிட்டு, கையில இருக்கற நோட்டை வெச்சு எவ்வளவு டைப் பண்ண முடியுமோ பண்ணு” என்றிருக்கிறார். துறை ஆள் பன்னிரண்டு மணிக்கு வருகிறாராம்.

“யாரையும் தொட விடாதீங்க. மூடி, பையில வெச்சு, அடுத்த பஸ் ஏறி இங்க வாங்க” என்றேன். அதுவரை நான் சரியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். மாட்டிக்கொண்ட நேரத்தில் எல்லோருக்கும் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் போலத் துடிக்கும். செய்யாமல் நிறுத்தி வைக்கச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

தர்மபுரியில் நூருல்லா பாய் என்று ஒருவர் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நான் படித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் அவர் கழற்றித் தெரிந்துகொண்டவர். செலின் வந்து இறங்கியதும் அவரிடம் போனோம். முதலில் பென்டிரைவை எடுத்து அதில் மிஞ்சியதைத் தேடினார். கிணறுகளின் போட்டோ கொஞ்சம் வந்தது. அட்டவணை வரவில்லை. பிறகு லேப்டாப்பைத் திறந்து நீலத்திரையைப் பார்த்தார்.

“சாவி இந்த லேப்டாப்பை முதல்ல ஓப்பன் பண்ணின அக்கவுண்ட்ல இருக்கும் சார். யாரு அக்கவுண்டும்மா இது?”

செலின் விழித்தார். “வாங்கின கடையிலயே எல்லாம் போட்டுக் குடுத்தாங்கண்ணா.”

பாய் என்னைப் பார்த்தார். நம் ஊர் ஷோரூம்களில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். வாங்க வருபவருக்கு மெயில் ஐடி இருக்காது, இருந்தால் பாஸ்வேர்டு மறந்திருக்கும். வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். கடைக்காரர் தன் ஐடி ஒன்றையே எல்லா லேப்டாப்பிலும் போட்டு, பொட்டு வைத்து, பூ வைத்து, கையில் கொடுத்துவிடுவார். அதாவது வீட்டை நமக்கு விற்றுவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே சொருகிக்கொள்வது.

ஷோரூமுக்குப் போனோம். மேனேஜர், “அந்த ஐடி இப்ப யூஸ் பண்றதில்லீங்க. மாதேஷ்னு ஒரு பையன் இருந்தான், அவன் போன் நம்பர்ல ஓப்பன் பண்ணினது. அவன் பெங்களூரு போயி வருஷமாச்சு” என்றார். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் தெரியுமா? எத்தனை பேருடைய டிஸ்க் சாவி அதில் இருக்கிறது என்று கேட்டேன். “நல்லா ஓடற கடைங்க” என்று பெருமையாகச் சொன்னார். அங்கேயே நின்று கத்தியிருப்பேன். பாய் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார்.

மாதேஷ் நல்ல பையன். மேனேஜரிடம் வாங்கிய புது நம்பரில் கூப்பிட்டதும் எடுத்தான், பாஸ்வேர்டு நினைவிருந்தது, உடனே சொன்னான். ஆனால் அக்கவுண்ட் பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பும். அந்த சிம்மை அவன் தன் மாமியாருக்குக் கொடுத்துவிட்டான். மாமியார் பெயர் பச்சியம்மா, இண்டூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். “நான் வண்டி ஓட்டிட்டு இருக்கேன் சார், நீங்களே அவங்களுக்குப் போன் போட்டுக்கோங்க” என்று வைத்துவிட்டான்.

பாய் கடைக்குத் திரும்பி, பாஸ்வேர்டைத் தட்டி ஓடிபி அனுப்ப வைத்தார். நான் போன் போட்டேன்.

“அம்மா, உங்க போனுக்கு இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும். அதைக் கொஞ்சம் சொல்லுங்க.”

“யாருப்பா நீ?”

சொன்னேன். மாதேஷ், ஷோரூம், லேப்டாப், எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்கன்னு டிவியில தெனமும் சொல்றாங்க. எங்க தெருவுல ஒருத்தன் சொல்லி அத்தனையும் போச்சு. நான் சொல்ல மாட்டேன் போப்பா” என்று வைத்துவிட்டார்.

மறுபடி அனுப்பினோம், மறுபடி போட்டேன். இப்போது குரலைக் கனமாக்கிக்கொண்டேன். “நான் கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து…” என்று வாய் ஆரம்பித்துவிட்டது. பாய் போனைப் பிடுங்கி அணைத்தார். “அவங்க எச்சரிக்கையைப் படிச்சு அதன்படி நடக்கறாங்க சார். அதைக் கெடுக்கப் பாக்கறீங்களே” என்றார். வெட்கமாகிவிட்டது. இன்னும் ஒரு தடவை தவறினால் குறைந்தது இன்றைக்கு முழுக்க அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும் என்று திரை சொன்னது. வெள்ளி மாலை பூட்டினால் அப்புறம் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

பாய் கடையிலேயே இருந்தார். நானும் செலினும் ஆட்டோவில் கிளம்பினோம். வழி நெடுக நான் புலம்பிக்கொண்டே போனேன். கம்பெனியைத் திட்டினேன், ஷோரூமைத் திட்டினேன், நெறியாளரைத் திட்டினேன். செலின் டிக் போட்ட தாள்களை வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில், “சார், நான் எதையாவது தப்பா படிச்சிட்டனா?” என்று கேட்டார். காலையிலிருந்து அதற்குத்தான் பதில் எதிர்பார்த்திருக்கிறார். நான் ஊரையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தேனே தவிர அதைச் சொல்லவில்லை.

“இல்லம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன். உங்க சாருக்கு நானே லெட்டர் எழுதித் தர்றேன்” என்றேன். இத்தனை வருடத்தில் போனில் பேசிய யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை.

பச்சியம்மா வீட்டுப் பக்கத்துத் தோட்டத்தில் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். போன் இடுப்பில் சொருகியிருந்தது. என்னைக் கண்டதும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். “வூடு வரைக்கும் வந்துட்டியா?” என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்று நான் சரியாகச் செய்த இரண்டாவது காரியம்.

செலின் முன்னால் போனார். ஆனால் அவர் பேசுவதற்குள் பச்சியம்மாவே அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“நீ அந்த பாட்டிலுக்காரப் பொண்ணுதானே? கெணத்துல தண்ணி மோந்துட்டுப் போனியே?”

“ஆமாங்கம்மா. அந்தக் கணக்கெல்லாம்தான் இந்த லேப்டாப்புக்குள்ள மாட்டிக்கிச்சு. உங்க கெணறும் அதுலதான் இருக்குது.”

பச்சியம்மா கூடையைக் கீழே வைத்தார். “முன்னாடியே இதைச் சொல்றதுக்கு என்னா?” என்று என்னைத்தான் கேட்டார். போனை எடுத்து செலின் கையில் கொடுத்தார். “நீயே பாத்துக்கோ. நான் வாயால சொல்ல மாட்டேன்.” பாய்க்குச் சொன்னோம். ஓடிபி வந்தது. செலின் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பாய் அந்தப் பக்கம், “உள்ள போயிட்டேன்” என்றார். நான் வரப்பிலேயே உட்கார்ந்தேன்.

கிளம்பும்போது பச்சியம்மா, “தண்ணி எப்படி இருக்குன்னு வந்து சொல்றேன்னு சொல்லிட்டுப் போன. அப்பறம் ஆளையே காணம்” என்றார். செலின், “இன்னிக்கே பாத்துச் சொல்றனுங்க” என்றார்.

கடைக்குத் திரும்பியபோது, நூற்றுக்கணக்கான சாவிகள் வரிசையாக இருந்த அந்தப் பட்டியலில் நீலத்திரையில் தெரிந்த அடையாள எண்ணை வைத்து இவருடையதைப் பாய் பிரித்து வைத்திருந்தார். நாற்பத்தெட்டு இலக்கங்களையும் செலினையே தட்டச் சொன்னோம். டிஸ்க் திறந்தது. பாய் எதையும் பார்க்க விடாமல் முதலில் இரண்டு புது பென்டிரைவிலும் தன் கடை டிஸ்க்கிலும் காப்பி எடுத்தார். அன்றே உட்கார்ந்து நெறியாளருக்குக் கடிதம் எழுதினேன். அந்த நான்கு வரித் திருத்தத்தையும் எழுவாய் இல்லாமலே பக்கத்தின் தலையில் ஒட்டினேன். உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்ததும் இதைத்தான்: ஆபத்தைச் சொல்கிற வரி அசிங்கமாக இருந்தாலும் கிடைத்த அன்றே போடுங்கள், செய்யச் சொல்லும் வரிக்கு முன்னால் போடுங்கள். அழகு அப்புறம் வரட்டும். ‘எளிதாக’வை எடுத்துவிடுங்கள்.

ஆனால் அந்த நாளில் எனக்கு மறக்காமல் இருப்பது கடிதமோ திருத்தமோ இல்லை. காப்பி முடிந்ததும் செலின் அட்டவணையைத் திறந்தார். ஆய்வுக்குழுவுக்கு வேண்டிய பக்கத்துக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் பச்சியம்மாவின் ஊரைத் தேடினார். அந்தக் கிணற்றின் வரிசை முழுக்கச் சிவப்பு. குடிக்கக் கூடாது என்று அவரே எப்போதோ பூசி வைத்த நிறம். “தீசிஸ் குடுத்துட்டு எல்லா ஊருக்கும் போயிச் சொல்லலாம்னு இருந்தேன் சார்” என்றார். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, நேராகச் சொன்னார்: “அம்மா, அந்தக் கெணத்துத் தண்ணி வேண்டாங்க. கொழந்தைங்களுக்கு முக்கியமா வேண்டாங்க.”

பச்சியம்மா குரலில் கோபமே இல்லை. “பேத்திக்கு இப்பதான் புதுப்பல்லு மொளைக்குது கண்ணு,” என்றார். “மொளைக்கறப்பவே பழுப்பாத்தான் மொளைக்குது.”